செங்கல்லுக்காக வாய் திறந்தவர்

பகாதிக்கு வாய் சும்மா இருக்காது. முப்பது வருஷம் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நகரசபை மண்டபத்துக்கு எதிரே நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து வளைவு, மாடம், வண்ணக் கண்ணாடி என்று அளப்பார். தூரத்தில் அவரைக் கண்டாலே நான் சாலையைக் கடந்துவிடுவேன்.

அவர் மகன் லுங்கெலோ மட்டும் அலுக்காமல் கேட்டான். கேட்டுக் கேட்டு அவனும் கொத்துக்கரண்டி பிடித்தான். போன மாதம் அதே மண்டபத்தின் மணிக்கூண்டில் சாந்து பூசும்போது சாரத்திலிருந்து விழுந்து செத்தான்.

செத்த இடத்திலேயே ஆவி தங்கிவிடும் என்பார்கள் எங்கள் ஜூலு ஜனங்கள். அந்த இடத்தில் இலந்தைக் கிளையை வைத்து, பெயர் சொல்லி, வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். கிளையை ஏந்துகிறவர் வழியெல்லாம் செத்தவனோடு மட்டுமே பேசலாம். வேறு யாரிடமாவது வாய் திறந்தால் அவன் வரமாட்டான். இதற்குப் போய் பகாதியா?

"வேற யாராச்சும் போகட்டுமே, பெரியவரே."

"அவனுக்கு என் குரல்தான் தம்பி பழக்கம்."

மற்றவர்களிடம் பேசுவதற்காக நானும் கூடப் போனேன். மணிக்கூண்டின் அடியில் கிளையை வைத்து, "லுங்கெலோ, எந்திரிப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றார். கிளையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்து வாசல்வரை வந்துவிட்டோம். அங்கே கேமராவோடு ஓர் அம்மாள்.

"இந்தத் தூணெல்லாம் கருங்கல்லா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள்,

"கல்லா? ஒரு கல்லுகூட இல்லம்மா, அத்தனையும் செங்கல்! அந்த வளைவப் பாருங்க..."

நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். பாதிச் சொல்லில் நின்றார். கிளையைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை; நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தோம். அவர் கிளையை என்னிடம் நீட்டினார்.

"நீயே கூப்பிடு தம்பி. என் பேச்சக் கேட்டுத்தான் அவன் மேல ஏறினான்."

நான் கூப்பிட்டேன். வேனில் வழியெல்லாம், எந்தப் பாலம், எந்தத் திருப்பம் என்று லுங்கெலோவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பகாதி பக்கத்தில்தான் இருந்தார். அவரைத் தடுக்க இப்போது எந்த விதியும் இல்லை. ஆனாலும் வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவேயில்லை.