தலைவரின் பித்தவெடிப்பு

ரத்தினவேலு வயலில் இறங்கியதே இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். உழுவதற்கு முனியசாமி என்கிற கூலியாள் இருந்தான். மாடு, விதை, களை, அறுப்பு எல்லாவற்றையும் மனைவி செவந்தி பார்த்துக்கொண்டாள். ரத்தினவேலு பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருடைய தோல் ஒன்றைத்தான். அதையும் செவந்தியே பார்த்துக்கொண்டாள்.

பிறவியிலேயே வறண்ட தோல் அவருக்கு. நகத்தால் கோடு கிழித்தால் சிலேட்டில் எழுதியதுபோல வெள்ளையாக நிற்கும். மார்கழியில் முழங்காலிலிருந்து செதில் செதிலாக உதிரும். எல்லாவற்றையும்விட மோசம் குதிகால். சுற்றிலும் பாளம் பாளமாகப் பித்தவெடிப்பு. தூக்கத்தில் புரண்டால் போர்வை நூல் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும், மனுஷர் "ஆத்தாடி!" என்று எழுந்து உட்காருவார்.

செவந்தி சளைக்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பாள். செங்கல் துண்டால் பதமாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் மஞ்சளையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் பூசி, பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிவிடுவாள். விடாமல் செய்தால் வெடிப்பு மூடும். கொஞ்சம் சோம்பினால் மறுபடியும் வாயைப் பிளந்துகொள்ளும். அவர் பாட்டுக்குக் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஊர் விவசாயிகள் சங்கத்துக்குப் புதுத் தலைவர் தேவைப்பட்டார். பழைய தலைவர் மளிகைக் கடைக்காரர். நெற்பயிரையும் கோரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழிப்பார். ஊர் பட்டது போதும் என்று, இந்தத் தடவை மண்ணில் கால் வைத்த ஆள்தான் தலைவர் என்று முடிவு கட்டியது. அப்படிப்பட்ட ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? டீக்கடையில் பிச்சை என்பவன் வழி சொன்னான்.

"காலப் பாத்தாத் தெரியாதாப்பா?"

கடையே குனிந்து கால்களைப் பார்த்தது. தலைவர் பதவிக்கு ரத்தினவேலுவும் ஆசைப்பட்டு நின்றார். அவருக்குப் போட்டி குழந்தைசாமி. பொழுது விடிந்தால் வயலில் நிற்கிறவர். ஆனால் அவருக்கு எண்ணெய்ப் பசையுள்ள உடம்பு, குதிகால் வாழைத்தண்டாக வழவழத்தது. "என்னங்க இது, கலியாணப் பொண்ணு காலு மாதிரில்ல இருக்கு?" என்று யாரோ கேட்க, அவர் அவசரமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அதே நேரம் ரத்தினவேலு தன் காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்தார். கடை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது.

"பாவம்யா. என்னமா உழைச்சிருக்காரு!"

அவர் வயலில் இறங்காதவர் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் கண்ணெதிரே இப்படி ஒரு கால் இருக்கும்போது தெரிந்ததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்!

அன்றைக்கு வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவளை ரத்தினவேலு கையைக் காட்டி நிறுத்தினார்.

"எண்ணெய் வேணாம் புள்ள. வெடிப்பு மூடிருச்சுன்னா தலைவர் பதவி போயிரும்."

"என்னங்க பேசுறீங்க? அப்பறம் சீழ் வச்சுருமுங்க. போன கோடையில காச்ச வந்து கெடந்தீகளே, மறந்துபோச்சா?"

"சங்கத் தேர்தல் முடியட்டும்."

செவந்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்கோ அந்தப் பதவி உயிராக இருந்தது. இத்தனை வருஷமும் ஊர் அவரைச் "செவந்தி வீட்டுக்காரர்" என்றுதான் சொன்னது. ஒரு தடவையாவது வேறு பெயரில் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தார். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

கால் ரணமாகிக்கொண்டே வந்தது, கூடவே செல்வாக்கும் வளர்ந்தது. வழியில் பார்க்கிறவர்கள் முகத்துக்கு முன்னால் பாதத்தை விசாரித்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சித்திரை பிறந்தது. சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவார்கள். ஊர் மாடுகள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஒரே வயலில் இறங்கும். முதல் ஏரைப் பெரிய உழவர் ஒருவர் பிடிப்பது வழக்கம். இந்த வருஷம் யார் என்று ஊர் யோசிக்கவே இல்லை. நேராக ரத்தினவேலு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். முனியசாமி கலப்பையைப் பூட்டிக் கொடுத்து, "கைப்பிடிய அமுக்கிப் பிடிங்க, போதும்" என்று காதோடு சொல்லிவிட்டு ஒதுங்கினான்.

"ஹேய்" என்றார் ரத்தினவேலு. மாடுகள் அசையவில்லை. அந்தக் குரலை அவை கேட்டதே இல்லை. இன்னொரு தடவை கத்தினார். மாடுகள் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தன. வரப்பில் விதைக் கூடையோடு செவந்தி நின்றாள். தினமும் தவிடு வைக்கிற கையைக் கண்டதும் இரண்டும் குறுக்காக அவளை நோக்கி ஓடின. கலப்பையை விட மனமில்லாமல் ரத்தினவேலு பின்னாலேயே இழுபட்டார். காய்ந்த மண்கட்டிகள் வெடிப்புக்குள் புகுந்து கிழித்தன. மாடுகள் கூடையில் வாயை வைத்தபோது அவர் வரப்பில் குப்புற விழுந்து கிடந்தார், குதிகாலிலிருந்து ரத்தம் வழிந்தது.

குழந்தைசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"நல்ல நாளும் அதுவுமா, மண்ணுல ரத்தம் சிந்துன ஆளைப் பாத்துச் சிரிக்கிறான் பாரு" என்றான் பிச்சை.

உழுத சால் கோணலாகப் போனதை யாரும் பேசவில்லை. மறுவாரம் சங்கத்தில் கை தூக்கச் சொன்னபோது, குழந்தைசாமிக்காக அவர் மச்சான்கூடக் கை தூக்கவில்லை. ரத்தினவேலுவைக் கட்டிலோடு தூக்கி வந்து மாலை போட்டார்கள். எல்லோரும் "தலைவரே, தலைவரே" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாலையைக்கூடக் கழற்றாமல் காலை நீட்டினார்.

"தாங்க முடியல செவந்தி. கொஞ்சம் எண்ணெய் போடு."

செவந்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, வருஷக்கணக்கில் சேற்றில் நின்று கருத்து வெடித்திருந்த தன் குதிகாலில் நிதானமாக எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு கால் அந்த வீட்டில் இருந்ததை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"எனக்கு?" என்றார்.

"ஒங்க காலு இனிமே ஊருச் சொத்துங்க. சங்கத்துல ஒரு தீர்மானம் போட்டுக் கொண்டாங்க, தேய்ச்சுவிடுறேன்."