வெனிஸ் சரித்திரத்தின் மிச்சப் பக்கங்கள்

சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். யூஜீனியா பொய்க் கதை கட்டுற பொம்புள இல்ல. இது 2014 ஜனவரியில, இலங்கையில கற்பிட்டியில, பட்டப்பகல்ல அவளுக்கே நடந்தது.

பதினொரு வருசமா இத்தாலியில கண் தெரியாத ஒரு மூதாட்டியை வீட்டோட நிண்டு பராமரிச்சவள் அவள். சின்யோரா, அதாவது அம்மணி எண்டுதான் கூப்பிடுவாள். படிச்ச மனுசி, மேல்மாடி வீடு நிறையப் புத்தகம். சரித்திரம், பழைய கவிதை, கதை எண்டு தினமும் காலை சரியாப் பத்து மணிக்கு யூஜீனியா வாசிச்சுக் காட்டணும். பாதி விளங்காது. எண்டாலும் ஒரு வரியை விழுங்கினா, சின்யோரா கைத்தடியால ரெண்டு தட்டு தட்டுவா.

மகள் டெனிஷாட கலியாணத்துக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு, வெனிஸ் நகரத்துச் சரித்திரத்தில நாற்பது பக்கம் மிச்சம்.

"வந்து வாசிப்பியா?"

"ஓம். ரெண்டு கிழமையில வாறேன்."

பச்சைப் பொய். இனித் திரும்புறதில்ல எண்டு எப்பவோ முடிவெடுத்திட்டாள். சின்யோரா அந்தப் புத்தகத்தை அவள்ட பையிலயே வச்சுவிட்டா. பாவம், நம்பிட்டா.

ஊருக்கு வந்த மறுநாள். பகல் 2.30. வீட்டில வேற யாரும் இல்ல. புத்தகம் வச்ச அலுமாரிக்குள்ள...

டக். டக்.

எலியாக்கும் எண்டு விட்டிட்டாள்.

அடுத்த நாளும் 2.30. டக். டக்.

இங்க ரெண்டரை எண்டா, அங்க இத்தாலியில காலை பத்து... வாசிக்கிற நேரம்.

சின்யோராவுக்கு ஃபோன் எடுத்தாள். மணி மட்டும் அடிச்சுது. சின்யோராட மகள் வேற ஆள் அனுப்புறேன் எண்டவ. வெளியில போயிருப்பாங்க எண்டு மனசைத் தேத்தினாள்.

டக். டக்.

புத்தகத்தை எடுத்தாள். வாசிச்சாள். சத்தம் நிண்டுது. அவசரத்தில ஒரு வரி தவறிச்சு.

டக். டக்.

இப்ப அலுமாரிக்குள்ள இல்ல. அவள்ட கதிரைக்குப் பக்கத்தில.

புருசன் கில்பட் எட்டிப் பார்த்தான். "யாரோட கதைக்கிற?"

"யாரும் இல்ல."

ஆறு நாள் வாசிச்சாள். பயம் போய் அழுகைதான் மிஞ்சிச்சு. ஆறாம் நாள் கடைசிப் பக்கம் முடிஞ்சுது.

ஏழாம் நாள் 2.30.

ஒரு சத்தமும் இல்ல.

பின்னேரம் 6.10. ஃபோன். சின்யோராட மகள்.

"அம்மா மோசம் போயிட்டா. இண்டைக்குத்தான் கதவை உடைச்சது. நீ போன அண்டைக்கே உயிர் போயிட்டுதாம்... நான் ஆள் அனுப்பல்ல."

 யூஜீனியா கேட்டாள்.

"இவ்வளவு நாளும் கீழ் வீட்டுக்காரர் தட்டிப் பார்க்கல்லயா?"



"நேற்று வரைக்கும் ஆறு நாள் பத்து மணிக்கு நீ வாசிக்கிற சத்தம் கேட்டுதாம். இண்டைக்குக் கேக்கல்லயாம்... அதான் தட்டினதாம்."