அரை இறாத்தல் சீனி

முள்ளியவளைக் கடைத்தெருவில் அப்புத்துரை முதலாளியிடம் எதையும் சும்மா வாங்கிவிட முடியாது. சாமான் சுற்றிக் கொடுக்கும் பழைய பேப்பரையும் சேர்த்தே தராசில் நிறுக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர், ஊர் விதானையார் அரசாங்க மலிவு அரிசிக்கான புதுக் கூப்பன் புத்தகங்களைக் கொடுத்த கையோடு, ஒவ்வொரு வருடமும் தில்லைநாதன் வீட்டுக்கு அரை இறாத்தல் சீனி அனுப்பிவைப்பார். அதற்குக் காசும் வாங்குவதில்லை, கொப்பியில் எழுதுவதும் இல்லை. தில்லைநாதன் அதைத் தனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். அவருடைய மனைவி கமலாசனிக்கோ, அந்தச் சீனி ஏன் வருகிறது என்று தெரியாமல் தேத்தண்ணீரே தொண்டையில் இறங்காது.

அது அவளுடைய பிறவிக் குணம். அயலில் மாடு கன்று போட்டது என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்பாள். கலியாண வீட்டுக்குப் போனால் எத்தனை கொத்து அரிசி உலையில் போட்டார்கள் என்று அறியாமல் கை கழுவமாட்டாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் கணக்கு அவளுக்குப் பிடித்த சமாச்சாரம். ஊர் அவளுக்கு ‘விசாரணை’ என்று பட்டம் வைத்திருந்தது. ஊரில் இன்னும் நாலு பேருக்கு அந்த வியாதி தொற்றியிருந்தால் நல்லதாய்ப் போயிருக்கும்.

வாங்கும் நேரத்தில் அவள் விசாரிக்காமல் விட்ட ஒரே விஷயம் அவர்கள் வீட்டுக் கடன். தில்லைநாதன் தன் தங்கையின் கலியாணத்துக்காக அப்புத்துரை முதலாளியிடம் ஐந்நூறு ரூபா வாங்கியிருந்தார். ஈடாக வைத்தது குளத்துக் கட்டுக்குக் கீழே கிடந்த இரண்டு ஏக்கர் வயலை. கமலாசனிக்குச் சீதனமாக வந்த வயல் அது. தண்ணீர் முதலில் பாய்வதும் அதற்குத்தான். வட்டி, வருடத்துக்கு ஒரு முறை விளையும் போகத்துக்குப் பத்துப் புசல் நெல். அறுபத்துமூன்றாம் ஆண்டு பங்குனி முடிவதற்குள் முதலைக் கட்டாவிட்டால் வயலை முதலாளியின் பேருக்கு அறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உறுதிப் பத்திரத்தில் இருந்தது. இந்தக் கதை தொடங்கும்போது அறுபத்தோராம் ஆண்டு சித்திரை. மூன்று போகமாக வட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. வாங்கிய முதற்பணத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

வயல் கை மாறிவிடும் என்ற பயம் கமலாசனிக்கு எப்போதும் இருந்தது. வீட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடைத்தால் கடன் இறங்கும் என்று அவள் நம்பினாள். காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொன்றிலும் ஓட்டையைத் தேடினாள். இரண்டு விளக்கு எரிந்த வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் வருடத்துக்கு ஒரே ஒரு உடுப்பு. அவளுடைய சேலையில் தையல் போடாத இடம் குறைவு. அப்படியெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வருடக் கடைசியில் பார்த்தால் முப்பது ரூபா மிஞ்சும். அதுவும் யாருக்காவது காய்ச்சல் வந்தால் காற்றோடு போய்விடும். சோற்றை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. முற்றத்துக் கொம்பறை நிறைய நெல் இருக்கும்போது சோற்றுக்கு என்ன செலவு என்று வயல் செய்யும் எல்லாக் கமக்காரர் வீட்டிலும் நினைப்பதுபோல் அவளும் நினைத்தாள்.

அந்த நினைப்பைக் குலைத்தது புனிதம். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மீன் கடகத்தோடு பஸ்ஸில் வந்து, வீடு வீடாக மீன் கொடுத்து நெல் வாங்கிப் போகிறவள் அவள். அன்றைக்கு நெல் வேண்டாம், காசாகத் தரும்படி கேட்டாள். ஏன் என்று கமலாசனி கேட்காமல் விடுவாளா? நெல்லைச் சுமந்துபோய்க் குத்தி எடுப்பதைவிட, அப்புத்துரை முதலாளி கடையின் பின்பக்கத்தில் கூப்பன் இல்லாமலே கூப்பன் அரிசி கொத்து ஐம்பத்தைந்து சதத்துக்கு வாங்கலாம் என்றாள் புனிதம். கூப்பனுக்கு அதே அரிசி கொத்து இருபத்தைந்து சதம். ஆளுக்குக் கிழமைக்கு இரண்டு கொத்துத்தான்; அதற்கு மேல் ஒரு மணி கிடையாது.

“கூப்பன் இல்லாமல் விக்கிறதுக்கு அவருக்கு எங்கால அரிசி?” என்று கேட்டாள் கமலாசனி.

“எனக்கென்னக்கா தெரியும். கமக்காரற்ற கூப்பன் புத்தகமெல்லாம் அவரிட்டத்தானே கிடக்குது எண்டு சனம் கதைக்குது.”

புனிதம் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கமலாசனி வெட்டிய மீனை அப்படியே சட்டியில் விட்டுவிட்டுக் குசினிச் சுவரில் கரித்துண்டால் எழுதத் தொடங்கினாள். அவளுடைய வீட்டில் ஐந்து பேர், ஐந்து புத்தகம். கூப்பன் அரிசி எங்களுக்கு எதற்கு என்று தில்லைநாதன் அவற்றை முதலாளியின் கடையிலேயே விட்டுவைத்திருந்தார். கிழமைக்குப் பத்துக் கொத்து. கொத்துக்கு முப்பது சதம் லாபம். கிழமைக்கு மூன்று ரூபா, வருடத்துக்கு நூற்றைம்பத்தாறு. கடனுக்கு அவர்கள் கொடுத்த வட்டி நெல்லோ, அரசாங்க விலைக்குப் பார்த்தாலும் நூற்றிருபது ரூபாதான். தெரிந்து கொடுத்த வட்டியைவிடத் தெரியாமல் கொடுத்தது கூட. அந்த எண்ணின் கீழே இரண்டு கோடு இழுத்தாள். அரை இறாத்தல் சீனியின் சங்கதி அப்போதுதான் விளங்கியது.

ஆனால் விசாரணை அதோடு நிற்கிற சாதியா? முதலாளிக்கு இவ்வளவு லாபம் என்றால் எங்களுக்கு என்ன என்று அடுத்த வரியை எழுதினாள். ஒரு புசல் நெல்லைக் குத்தினால் பதினைந்து கொத்து அரிசி வரும். வீட்டில் கிழமைக்குக் கிட்டத்தட்ட ஒரு புசல் நெல் சோறாகிப் போகிறது. அதே புசலைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டால் அரசாங்கம் பன்னிரண்டு ரூபா கொடுக்கிறது. பதினைந்து கொத்தில் பத்துக் கொத்தைக் கூப்பனில் எடுத்தால் செலவு இரண்டரை ரூபா. கொம்பறையில் மிஞ்சும் நெல்லோ எட்டு ரூபா பெறும். கிழமைக்கு ஐந்தரை ரூபா. இரண்டு வருடத்தில் ஐந்நூறைத் தாண்டும். அவள் கூட்டிப் பார்த்தாள், பெருக்கிப் பார்த்தாள், கீழிருந்து மேலே கூட்டினாள். கணக்கு அசையவில்லை. இத்தனை காலமும் விளக்குத் திரியில் தேடிய ஓட்டை சோற்றுப் பானையில் இருந்தது.

சனிக்கிழமை கூப்பன் அரிசி கொடுக்கும் நாள். கமலாசனி பையோடு போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கேட்டாள். முதலாளியின் முகம் ஒரு கணம் மாறிப் பிறகு சிரித்தது. “என்ன பிள்ளை, கமக்காரர் நீங்கள். உந்த நாத்தல் அரிசியையோ தின்னப் போறியள்? புத்தகம் எங்கையோ உள்ளுக்குக் கிடக்கு. பிறகு தேடிப் பாப்பம்.”

“தேடுங்கோ முதலாளி. நான் நிக்கிறன்.”

அவள் மத்தியானம் வரைக்கும் நின்றாள். சனம் வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும் புத்தகங்கள் மேசை லாச்சியிலிருந்தே வெளியே வந்தன. போன கிழமை வரைக்கும் எல்லாக் கூப்பனும் வெட்டப்பட்டிருந்தன. நாங்கள் தின்னாத அரிசியை யார் தின்றது என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முதலாளி பத்துக் கொத்தையும் அளந்து போட்டார்.

வீட்டில் நடந்ததுதான் பெரிய சண்டை. தில்லைநாதன் நல்ல மனிதர், உழைப்பாளி, ஆனால் மரியாதைப் பைத்தியம். கொம்பறையில் நெல் இருக்கக் கூப்பன் வரிசையில் நிற்பதைப் போன்ற தலைகுனிவு வன்னிக் கமக்காரனுக்கு வேறில்லை என்று அவர் குதித்தார். கமலாசனி கோபப்படாமல் அவரைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“எங்கட நெல்லைத் தின்னுறம் எண்டு நினைக்கிறியள். நாங்கள் வயலையெல்லோ தின்னுறம்.”

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பானை. அவருக்குச் சொந்த நெல்லுச் சோறு, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கூப்பன் அரிசிச் சோறு. கூப்பன் அரிசியில் கல்லும் இருந்தது, சாக்கு மணமும் இருந்தது. நாலு தண்ணீரில் கழுவி, ரம்பை இலை போட்டு அவித்தாலும் அது ஊர் அரிசி ஆகிவிடாது. கடைசிப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தின்றாள். அதைப் பார்த்து கமலாசனிக்கு அழுகை வந்தது, ஆனால் பானையை மாற்றவில்லை.

இரண்டு மாதம் கழிந்து ஒரு நாள் காலையில் சுவரைப் பார்த்தவள் திகைத்துப்போனாள். அவளுடைய கணக்குக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. சொந்த நெல்லுக்குக் குத்துக்கூலி போகும், கூப்பன் அரிசிக்குப் போகாது, அதையும் சேர்த்தால் மிச்சம் இன்னும் கூட என்று அந்த வரி சொன்னது. மனிதர் ஒவ்வொரு நாளும் கள்ளமாக வந்து சுவரைப் படித்திருக்கிறார். மத்தியானம் சோற்றுக் கோப்பையை நீட்டி, “குத்துக்கூலியை விட்டிட்டீர்,” என்று மட்டும் சொன்னார். மற்றப் பானைச் சோற்றைப் போடச் சொல்லித் தலையை ஆட்டினார். ஆனால் கடைக்கு மட்டும் வரமாட்டேன் என்று அன்றைக்கே தீர்த்துச் சொல்லிவிட்டார்.

ஆக, இரண்டு வருடமும் வரிசையில் நின்றது கமலாசனிதான். கொம்பறைக்குள் எலி புகுந்துவிட்டதா என்று பின்னால் நின்றவர்கள் நக்கல் அடித்தார்கள். அவளும் சளைக்காமல், உங்கள் புத்தகங்கள் எத்தனை வருடம் முதலாளியிடம் கிடந்தன என்று திருப்பி விசாரித்தாள். கேட்டவர்கள் சிலர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். போகப்போக வரிசையில் கமக்காரர் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். மிஞ்சிய நெல் சங்கத்துக்குப் போனது. காசு தபாற்கந்தோரில் அவள் பேரில் ஏறியது. அரிசி வராத கிழமைகளும் இருந்தன, மூத்தவனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து நாற்பது ரூபா போன மாதமும் இருந்தது. எல்லாம் போக, அறுபத்துமூன்றாம் ஆண்டு மாசி அறுவடை முடிந்தபோது சேமிப்புப் புத்தகத்தில் ஐந்நூற்றுப் பதினொரு ரூபா நின்றது.

காசை எடுத்துக்கொண்டு தில்லைநாதன் முதலாளியின் வீட்டுக்குப் போனார். முதலாளி யாழ்ப்பாணம் போய்விட்டார் என்றார்கள். நாலு நாள் கழித்துப் போனால் வவுனியாவில் நிற்கிறார் என்றார்கள். மூன்றாம் முறை நாயை அவிழ்த்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் கடையில் கணக்கப்பிள்ளையே அரிசி அளந்தார். பங்குனி தேய்ந்துகொண்டிருந்தது. ஆள் ஒளித்துத் திரிகிறார், தவணை தாண்டினால் வயலை எழுதச் சொல்லித்தான் வெளியே வருவார் என்று தில்லைநாதனுக்கு விளங்கியது. கமலாசனி கலண்டரைப் பார்த்தாள். பங்குனியின் கடைசி நாள் சனிக்கிழமை. விடிந்தால் வருசப்பிறப்பு. எங்கே ஒளித்தாலும் அன்றைக்குக் கூப்பன் கடையைத் திறந்தே ஆகவேண்டும், பூட்டினால் உரிமம் போய்விடும், வருசக் கூட்டத்தைக் கணக்கப்பிள்ளை தனியே சமாளிக்கவும் ஏலாது என்றாள்.

அவள் சொன்னபடியே முதலாளி கடையில் இருந்தார். வருசத்துக்கு முதல் நாள் என்பதால் வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. பெரிய வெள்ளி முடிந்து ஈஸ்டருக்குக் கூப்பன் இல்லாத அரிசி வாங்க வந்த புனிதமும் அதன் ஓரத்தில் நின்றாள். தில்லைநாதன் வழக்கம்போலக் கடைக்குள் வராமல் எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கமலாசனி காசை மேசையில் வைத்தாள். முதலாளி அதைத் தொடவே இல்லை.

“வியாபார நேரம் பிள்ளை. சனம் நிக்குது. வருசம் கழிச்சு வீட்டை வாங்கோ, ஆறுதலாகக் கதைப்பம்.”

“இண்டைக்கு வாங்குங்கோ முதலாளி.”

அவர் அவளுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். கமலாசனி தாள்களை இன்னும் முன்னே தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவள், வாங்கமாட்டேன் என்று ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பார்க்கவில்லை. பத்து ரூபாத் தாள்கள் ஐம்பதும் மேசையில் கிடந்தன. வயல் போகப்போகிறது என்று முதல் தடவையாக அவள் நம்பினாள்.

அப்போது தெருவில் சைக்கிள் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. தில்லைநாதன் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். மேசையில் இருந்த தாள்களை அள்ளிக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்குப் பங்குனி கடைசி. முதலாளியின்ர ஐந்நூறு ரூபாவை நான் எண்ணிக் குடுக்கிறன்.”

ஒன்று, இரண்டு என்று உரத்து எண்ணி ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்தார். ஏழாவதில் புனிதம் கூடச் சேர்ந்து எண்ணினாள். பதினைந்தில் கமக்காரர் வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். முப்பதில், எலி புகுந்ததா என்று கேட்டவரின் குரலும் கேட்டது. ஐம்பதாவது தாளை வைத்தபோது கடைத்தெரு முழுக்க ஒரே குரல். அதன் பிறகு ஒருவரும் பையை நீட்டவில்லை, அரிசியும் கேட்கவில்லை. அத்தனை பேரும் முதலாளியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளி கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்து, முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று அதன் பின்பக்கத்தில் எழுதி, முத்திரையின் மேல் கையெழுத்துப் போட்டார். தில்லைநாதன் அதை வாங்கி அப்படியே கமலாசனியின் கையில் கொடுத்தார். அவள் படித்துப் பார்க்கக்கூட முடியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

வாருங்கள், வீட்டுக்குப் போவோம் என்று அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. கமக்கட்டுக்குள் அவள் இடுக்கியிருந்த வெறும் பையை இழுத்து எடுத்தார். ஐந்து கூப்பன் புத்தகங்களையும் மேசையில் வைத்தார்.

“இனி எங்கட பத்துக் கொத்தையும் அளந்து போடுங்கோ,” என்று சொல்லி, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க நின்றார்.