அக்காவின் புகை போன கடல்

என் அக்கா நல்லம்மாளின் புருஷன் சன்னாசி எதற்குமே நேரத்துக்கு வந்ததில்லை. சொந்தக் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை ஏறிவந்த லோரி வழியில் படுத்துவிட, முகூர்த்தம் முடிகிற நேரத்தில் சேறு தெறித்த வேட்டியோடு வந்து நின்ற மனுஷன். நான் அதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். அக்காதான் விட்டுக்கொடுக்க மாட்டாள். "வந்துட்டார்ல, விடுடா" என்பாள்.

செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மச்சானுக்குப் புகைக்கொட்டகை வேலை. மேலே ரப்பர் பால் தகடுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்துப் புகையில் காயவைக்க வேண்டும். அவர் சட்டையைத் துவைத்தாலும் அந்த வாடை போகாது. எழுபதுகளின் நடுவில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அக்காவும் மகள் பாப்பாவும் ஈப்போவில், புந்தோங்கிலிருந்த என் வீட்டுக்கு வந்தார்கள். மச்சான் வேலை தேடி அலைந்து, கடைசியில் பினாங்குத் துறைமுகத்தில் ஓர் ஏஜெண்டைப் பிடித்து வெளிநாட்டுக் கப்பலில் ஏறிவிட்டார்.

அது சாமான் ஏற்றும் கப்பல் இல்லை. தெற்கே, பனிக்கட்டி மிதக்கும் கடலில் தண்ணீரை மொண்டு பரிசோதிக்கும் கப்பல். ஆழத்துக்கு இறக்கிய போத்தல்களைக் கம்பியோடு மேலே இழுப்பது மச்சான் வேலை. தண்ணீர் மொள்ளவா இத்தனை தூரம், நம் வீட்டுக் குழாயடியில் நின்றாலே போதுமே என்று நான் சிரித்தேன்.

எழுபத்தெட்டு மாசியில் அக்கா செத்துப்போனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வீடு திரும்பவில்லை. கப்பலுக்கு வயர்லெஸில் செய்தி போயிற்று. ஆனால் அது பனிக்கடலை விட்டு வெளியே வந்து, ஒரு துறைமுகத்தைப் பிடித்து, அவரை இறக்கிவிட வேண்டுமே. நம் ஊர் வெயிலில் பிணம் காத்திருக்குமா? மகன் இல்லை, புருஷன் இல்லை, தம்பி நான் கொள்ளி வைத்தேன். சாம்பலை லுமுட் கடலில் கரைத்தோம். கருமாதியும் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, கையில் ஒரு தடித்த குளிர்கோட்டோடு மச்சான் வாசலில் வந்து நின்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவரைப் பார்க்காமல் பந்தல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாப்பாதான், அப்போது சின்னப்பிள்ளை, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவ எரிக்கும்போது நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

மச்சான் கோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். உலகத்தில் எங்கே எதை எரித்தாலும் புகையில் உள்ள ஒரு வாயு காற்றோடு கலந்து போகிறதாம். லோரி, பக்டரி, நம் புகைக்கொட்டகை, எல்லாம் சேர்த்துத்தான். அதில் ஒரு பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறதோ அவ்வளவு அதிகம் இழுக்குமாம். அந்தக் குளிர்ந்த தண்ணீர் கனத்துப்போய், இழுத்த வாயுவோடு அடியில் இறங்கிவிடும். பிறகு நூற்றுக்கணக்கான வருஷத்துக்கு மேலே வராது. அதை அளக்கத்தான் அவர் இழுத்த போத்தல்களாம். கப்பலில் இருந்த வெள்ளைக்காரர் படம் போட்டுக் காட்டினாராம்.

"அம்மா புகையும் அங்கதான் வரும் பாப்பா. நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

பாப்பா போய் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சுலபமாக ஆறவில்லை. வராமல் போனதுக்கு நல்ல கதை கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மச்சான் என் டயர் கடையிலேயே ஒட்டுப்போட உட்கார்ந்துவிட்டார். கடைக்குக் கார் கொண்டுவருகிறவர்களில் சிவானந்தன் சார் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மச்சானை வைத்துக்கொண்டே அவரிடம் இதைக் கேட்டேன். மனுஷன் வாயில் வந்ததைச் சொல்கிறவர் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு அடுத்த தடவை வரும்போது சொன்னார்.

"இவர் சொல்லுறதிலை பிழையில்லை. ஆனா எங்கட பக்கத்துக் காத்து அந்தத் தென்கோடிக்குப் போய்ச் சேர ஒரு வருஷம் மட்டிலை செல்லும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மச்சான் கையிலிருந்த டயரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் நின்னப்ப அவ வரலையா சார்?"

சார் என்னைப் பார்த்தார். மச்சான் இங்கே கொள்ளிக்கும் பிந்திவிட்டார், அங்கே அவள் வருமுன்னே கிளம்பியும் வந்துவிட்டார். அன்றைக்குத்தான் என் கோபம் போயிற்று, போன இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு அவருக்கு ஒரே நினைப்பு. அடுத்த மாசிக்கு அந்தக் கடலில் இருக்க வேண்டும். செத்தவர்கள் தெற்கே போவதாகத்தானே நம் ஆட்களும் சொல்கிறார்கள், இந்த ஒரு தடவையாவது நேரத்துக்குப் போய் நிற்கிறேன் என்றார். பினாங்குக்கு நடையாய் நடந்து ஏஜெண்டின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு அதே கப்பலில் இடமும் வாங்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது?

பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினார். பையைத் திறந்தால் குளிர்கோட்டைக் காணோம். வீடெல்லாம் தேடினோம். பாப்பா வாசல்படியில் நின்றிருந்தாள். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு அந்தக் கோட்டை மாட்டியிருந்தாள். கை ரெண்டும் உள்ளே மறைந்து, முகத்தில் வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் வாரேன்லா, அப்பா."

மச்சான் அவள் முன்னால் குந்தி ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். கழற்றி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மேடான் கிட் பஸ் நிலையத்தில் பினாங்கு பஸ் அவர் இல்லாமலே போய்விட்டது.

அந்த மாசியில் திதி அன்றைக்கு, படையல் போட்ட பிறகு, கொல்லைப்பக்கம் தெற்குப் பார்த்து நின்று அழுதார். ஆம்பிளை அப்படிக் குரலெடுத்து அழுது நான் கேட்டதில்லை. "இன்னேரம் வந்திருப்பா, ஒருத்தரும் இல்லாம நிக்கிறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்று நான் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் அவர் எங்கேயும் போகவில்லை. பாப்பாவைப் படிக்கவைத்தார். அவள் தைப்பிங் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் போனாள். கோட்டு மட்டும் ஆணியில் தொங்கியது. எண்பத்தாறில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கொள்ளியை நானே வைக்கிறேன் என்று பாப்பா நின்றாள். பொம்பளைப் பிள்ளையா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களை என் வாயாலேயே அடக்கினேன்.

அவருடைய முதல் வருஷத் திதிக்குப் பாப்பா வந்திருந்தாள். இலை எடுத்த பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"மாமா, இன்னேரம் அப்பா அம்மாகிட்ட போய்ச் சேர்ந்திருப்பாருல்ல?"

சேர்ந்திருப்பாரும்மா என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல? குளிர்ந்த தண்ணீர் அடியில் இறங்கினால் மேலே வராது என்று மச்சானே சொல்லியிருக்கிறார். அக்கா இறங்கி எட்டு வருஷம் ஆகிறது. இவர் இப்போதுதான் வந்து மேல்தண்ணீரில் நிற்கிறார்.

அங்கேயும் பிந்திப்போனார். அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரிக்க முடிந்திருந்தால், "வந்துட்டார்ல, விடுடா" என்றுதான் சொல்லியிருப்பாள்.