‘ங்க’ போடாமல் ஒரு ‘விடு’: காஞ்சிபுரத்திலிருந்து படகுக் கேப்டன் தேர்வுக்கு

காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும் ரயிலின் நெற்றியில் ‘சென்னைக் கடற்கரை’ என்று எழுதியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ரயிலில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். ஒருமுறைகூடக் கடைசி நிலையம் வரை போனதில்லை. மாம்பலத்தில் இறங்கி, நெய்த சேலையைக் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்தப் பிப்ரவரியில்தான் முதல்முறையாகக் கடற்கரை வரைக்கும் சீட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். வெளிநாட்டுக் கடலில் சிறிய பாய்மரப் படகை நானே கேப்டனாக இருந்து ஓட்டலாம் என்று சான்றிதழ் வாங்குவதற்கு.

இந்த ஆசை வந்த கதை சின்னது. போன வருடம் தங்கையோடு லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போனபோது, படகோட்டி பத்து நிமிடம் சுக்கானை என் கையில் கொடுத்தார். காற்று பாயில் ஏறியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விரைந்த அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஊர், வீடு, தறி எல்லாம் மறந்துபோனது. “இதை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா?” என்று கேட்டேன். “சான்றிதழ் வைத்திருந்தால் தாராளமாக” என்றார். ஊருக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மெரினாவில் கணுக்கால் நனைந்தாலே பின்னால் ஓடுகிற ஆள் அவர். “நீ பாஸ் பண்ணு வசந்தி. பண்ணினா நான் படகுல ஏறுறேன்” என்றார். நான் பாஸ் பண்ணப் போவதில்லை என்ற தைரியத்தில் வந்த வாக்கு அது! விடுவேனா? வரும் அக்டோபருக்கு லங்காவியில் ஒரு படகை முன்பதிவு செய்துவிட்டேன். சான்றிதழைக் காட்டினால்தான் படகு. தேர்வாளர் வெளியூரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறைதான் சென்னைக்கு வருவார். அதனால் எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

பயிற்சி மூன்று வார இறுதிகள். கட்டணம் அறுபத்தைந்தாயிரம், சாப்பாடு, தங்குமிடம் தனி. செவிலிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம். காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் ரயில் செங்கல்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஒன்பதுக்கு முன்னால் கடற்கரை போய்ச் சேரும். தூரம் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், கட்டணம் முப்பது ரூபாய்க்குள். பேருந்தைவிட மெதுவாகத்தான் போகும், ஆனால் உட்கார இடம் நிச்சயம். சனிக்கிழமை இரவு மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். சுத்தமான அறை, வாசலிலேயே நல்ல பிரியாணி.

முதல் நாள் நிலையத்துக்கு வெளியே, துறைமுகத்துக்குள் இருக்கும் படகுப் பள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் என் பையையும் சேலையையும் ஒரு பார்வை பார்த்தார்.

“துறைமுகத்துக்குள்ள இன்னா வேலைமா? கஸ்டம்ஸா?”

“படகு ஓட்டக் கத்துக்கப் போறேன்பா.”

“எந்த ஊரு நீங்க?”

“காஞ்சிபுரம்.”

“அங்க பாலாத்துலயே தண்ணி இல்லியேமா!” என்று அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. இறக்கிவிடும்போது மட்டும், “நல்லா ஓட்டுமா, நம்ம ஊரு பேரைக் காப்பாத்து” என்றார். காஞ்சிபுரம் எப்போது அவர் ஊரானது என்று தெரியவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பள்ளி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, கட்டிப்போட்ட முப்பதடிப் படகு ஒன்று. சொல்லிக்கொடுத்தவர் டெல்ஃபின் சார். தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னோடு படித்தவர்கள் இரண்டு பேர்: மென்பொருள் வேலை பார்க்கும் கார்த்திக், அண்ணாநகரிலிருந்து வரும் ஒரு பல் டாக்டரம்மா. சேலையைப் பார்த்ததும் சார், “அடுத்த வாரம் சுடிதார்ல வந்துருங்கம்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பாடத்தில் பாதி எனக்குத் திருவிழாதான். கடல் வரைபடத்தில் கோடு போட்டுத் திசை பார்ப்பது கட்டம் போட்ட தாளில் பூ வேலை எடுப்பதைவிடக் கஷ்டமில்லை. சிவப்பு மிதவை, பச்சை மிதவை, எதை எந்தப் பக்கம் விட்டுப் போவது என்பதிலும் குழப்பமில்லை. நாள் முழுக்க நிறத்தோடுதானே பிழைப்பு. முடிச்சு வகுப்பில்தான் முதல் கூத்து. இரண்டு கயிறுகளை இணைக்க சார் காட்டிய முடிச்சு, தறியில் இழை அறுந்தால் நாங்கள் போடும் அதே முடிச்சு! சார் காட்டி முடிப்பதற்குள் போட்டுவிட்டேன். போட்ட கையோடு, நீட்டிக்கொண்டிருந்த வால்களை ஒட்ட நறுக்கக் கத்தியை எடுத்துவிட்டேன். தறியில் வால் நீண்டிருந்தால் அச்சில் சிக்கும், ஒட்ட வெட்டியே பழக்கம். “ஏம்மா, ஏம்மா! வாலை வெட்டுனா முடிச்சு உருவிக்கிட்டுப் போயிரும்!” என்று சார் பாய்ந்து வந்து கத்தியைப் பிடுங்கினார்.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது அடுத்தது.

பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகப் போகாது. ஒரு பக்கம் கொஞ்ச தூரம், திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் கேப்டன் “தயாரா?” என்று கேட்க வேண்டும், எல்லாரும் “தயார்” சொல்ல வேண்டும். அப்புறம் “விடு!” என்றதும் ஒருவர் முன்பாயின் கயிற்றை விட, “இழு!” என்றதும் இன்னொருவர் மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். இவ்வளவுதான். என் முறை வந்தது. சுக்கானைத் திருப்பினேன், ‘ச்சு’ என்று நாக்கைத் தட்டினேன், காத்திருந்தேன். யாரும் அசையவில்லை. பாய் படபடத்தது, படகு நடுவில் நின்றுவிட்டது.

“என்னம்மா பல்லி மாதிரி சத்தம் குடுக்கீங்க?” என்றார் டெல்ஃபின் சார்.

அந்தப் பல்லிக்கு ஒரு கதை இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். கோர்வை என்போம். உடலுக்கான இழை சுற்றிய நாடாவை வீட்டுக்காரர் எறிவார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை நான் எறிவேன். ஒரே தறியில் தோளோடு தோள். பேசிக்கொண்டே இருந்தால் வேலை ஓடாது. அவர் முடித்ததும் ஒரு ‘ச்சு’, நான் முடித்ததும் ஒரு ‘ச்சு’. கல்யாணமான புதிதில் தொடங்கியது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட அந்த ‘ச்சு’ நின்றதில்லை. அது படகு வரைக்கும் கூடவே வரும் என்று எனக்குத் தெரியாது.

நாக்கை அடக்கினேன். வாயைத் திறந்தால் அடுத்த வம்பு. “கார்த்திக், அந்தக் கயித்தைக் கொஞ்சம் விடுறீங்களா?” என்றேன். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “நீங்க ‘றீங்களா’ முடிக்கதுக்குள்ள படகு பாறையில ஏறிரும். விடுன்னு சொல்லுங்க. ‘ங்க’ எல்லாம் கரையில வச்சுட்டு வாங்க.” வாராவாரம் இதே பாட்டுதான். தேர்வாளர் முதலில் பார்ப்பது கேப்டனின் குரலைத்தான், இது சரியாகாவிட்டால் மற்ற எதுவும் உதவாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெட்டவெளியில் போய்க் கத்திப் பழகச் சொன்னார்.

தேர்வுக்கு முந்தைய புதன்கிழமை நானும் வீட்டுக்காரரும் தாமல் ஏரிக்கரைக்குப் போனோம். ஊரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டர். மழை நன்றாகப் பெய்த வருடம் என்பதால் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. சும்மாவே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு கயிற்றை மரத்தில் சுற்றி நுனியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, இருபதடி தள்ளி நின்றேன்.

“என்னங்க, விடுங்க!”

“உங்க சார் ‘ங்க’ வேணாம்னாருல்ல? சும்மா சொல்லு. யாரு இருக்காங்க இங்க?”

அவரைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி ஏரியைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து “விடு!” என்று கத்தினேன். கரைக்குக் கீழே தடதடவென்று சத்தம். எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பதறிப்போய்க் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். எருமை ஏரிக்குள் இறங்கிவிட்டது.

“ஏம்மா, எதுக்குமா விடச் சொன்ன? பாம்பா?”

“உங்களைச் சொல்லலண்ணா, இவரைச் சொன்னேன்!”

“அவரு விடாமப் பிடிச்சிக்கினு நிக்கிறாரே!” என்றார் அவர். உண்மைதான். என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எருமை வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றோம்.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வீட்டுக்காரரும் வந்தார், கரையில் நின்று பார்ப்பதாக ஏற்பாடு. போனால், பல் டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல். கயிறு பிடிக்க ஆள் குறைகிறது. தேர்வாளர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மா ஒருவர், கரையில் புளிசாதப் பையோடு நின்றவரைக் காட்டி, “அவர் யார்?” என்றார். “என் வீட்டுக்காரர்” என்றேன். “நாளைக்கு நீங்கள் படகு எடுத்தால் குடும்பத்தைத்தானே ஏற்றப் போகிறீர்கள்? ஒன்றும் தெரியாதவரை வைத்து ஓட்டிக் காட்டுங்கள்.”

வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “பாஸ் பண்ணினப்புறம்தானே ஏறுறேன்னேன்?” என்று என் காதில் முணுமுணுத்தார். “நீங்க ஏறலன்னா நான் எப்படிங்க பாஸ் பண்றது?” என்றேன். ஏறிவிடுவதாகத் தலையாட்டினார். எனக்கு அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கேப்டனின் முதல் கடமை பாதுகாப்பு விளக்கம். கயிறு சுற்றும் உருளைப் பக்கம் தொங்கும் துணி இருக்கக் கூடாது. அவரோ வேட்டியில் நிற்கிறார். “வேட்டியோட ஏற முடியாதுங்க” என்றேன். கார்த்திக்கின் மாற்று அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு அவர் படியிறங்கி வந்தபோது, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன்.

துறைமுக வாய்க்கு வெளியே நல்ல காற்று. முதல் திருப்பம். அவர் என் பக்கத்திலேயே கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார், தோளோடு தோள். சுக்கானைத் தள்ளினேன். என்னை அறியாமல் ‘ச்சு’ வந்துவிட்டது.

அவர் கயிற்றை விட்டுவிட்டார்! சரியான நொடியில், அவ்வளவு கச்சிதமாக. ஆனால் முன்னால் இருந்த கார்த்திக்குக்கு அது கேட்கவே இல்லை, அவன் இழுக்கவில்லை. படகு பாதியில் நின்று, தடுப்புச் சுவரின் பாறைகளை நோக்கிப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஒருவருக்கு மட்டும் கேட்டால் போதாது என்பது அந்தப் பாறைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பாயை மறுபடி காற்றுக்குக் கொண்டுவந்து, படகு வேகம் எடுக்கும்வரை பொறுத்தேன்.

“தயாரா?”

“தயார்!” என்றான் கார்த்திக்.

வீட்டுக்காரர், “உம்” என்றார்.

“உம் இல்ல. தயார்னு சொல்லு!”

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு துறைமுகத்துக்கே கேட்கும்படி, “தயார், கேப்டன்!” என்றார்.

“விடு! கார்த்திக், இழு!”

படகு ஒரே வளைவில் திரும்பிப் பாறைகளுக்கு முதுகைக் காட்டியது. அடுத்த இரண்டு மணி நேரம் நான் கத்தியதைப் போல வாழ்க்கையில் கத்தியதில்லை. தண்ணீரில் விழுந்த ஆளுக்குப் பதிலாகப் போட்ட மிதவையை இரண்டாவது சுற்றில் எடுத்தோம். படகைத் துறைச் சுவரில் உரசாமல் ஒட்டி நிறுத்தினோம். இறங்கும்போது தேர்வாளர், “முதல் திருப்பம் மோசம். அதிலிருந்து மீட்ட விதம் நன்று. தேர்ச்சி” என்று கை கொடுத்தார். டெல்ஃபின் சார் தகரக் கொட்டகை அதிரக் கைதட்டினார். புளிசாதத்தை ஐந்து பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிக்கு ஆதார் நகலையும் புகைப்படத்தையும் முன்கூட்டியே அனுப்புங்கள். நீச்சல் தெரிய வேண்டும். நான் கிணற்றில் பழகியதே போதுமானதாக இருந்தது. குமட்டலுக்கு மாத்திரை என்றால் படகில் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், ஏறிய பிறகு போட்டுப் பலனில்லை. எந்த நாட்டில் படகு எடுக்கப் போகிறீர்களோ அங்கே எந்தச் சான்றிதழ் செல்லும், வானொலி உரிமம் தனியாகக் கேட்பார்களா என்று பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ‘ங்க’ போடாமல் கத்திப் பழகுங்கள். பக்கத்தில் எருமை இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை வழக்கம்போலத் தறியில் உட்கார்ந்தோம். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. என் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ‘ச்சு’வுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல், நேராகத் தறியையே பார்த்தபடி சொன்னார்:

“ம், விடுங்க கேப்டன்.”