பேனலில் இரண்டு கடிகாரங்கள்

நெய்வேலியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த நாட்களில் அனல்மின் நிலைய ஊழியர் ஒருவரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பாய்லர் ஆபரேட்டர். இடப்புருவத்தில் பாதி இல்லை. எதையும் இரண்டு முறை பார்த்த பிறகே தலையாட்டுவார்.

நான் புது சிஸ்டம் ஏற்றியதில், திரை ஓரத்துப் பட்டையான பேனலில் அவர் வைத்திருந்த இரண்டு கடிகாரங்களில் ஒன்று போய்விட்டது.

"அதையும் வச்சுக் குடுங்க தம்பி."

"எந்த நாட்டு நேரங்க?"

"நம்மூரு நேரந்தான். முன்ன வேற ஊர்ல ஒத்த மீட்டர நம்பி பாய்லர்கிட்ட நின்னேன்" என்று புருவத்தைத் தடவினார்.

"ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்துதாங்க மணி எடுக்குது. தப்புன்னா ரெண்டும் சேந்தேதான் தப்பா காட்டும்."

திரையை இரண்டு முறை பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மானிட்டர் மூலையில் மாட்டினார். அது மூன்று நிமிடம் பிந்தியிருந்தது. அப்போதுதான் அவர் முகத்தில் நிம்மதி வந்தது.

எதைப் பார்த்து ஷிப்டுக்குக் கிளம்பினாரோ!