பள்ளிவாசல் நாற்காலியும் பத்துக் கிலோ அரிசியும்

மாலை நேரத்து அஸர் தொழுகைக்குப் போனபோது, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. தரையில் உட்கார முடியாதவர்களுக்காக எங்கள் பள்ளிவாசலில் அப்படிச் சில நாற்காலிகள் உண்டு. வேறு யாருக்கோ போட்டது என்று நினைத்து நகர்த்தினேன்.

"உனக்குத்தான் போட்டேன். உட்காரு."

குரலுக்குரியவர் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருந்த என் நண்பர். என் வயதுதான். முழங்கால் தேய்ந்து, இரண்டு வருடமாக நாற்காலியில் தொழுகிறார்.

"எனக்கெதுக்குப்பா?" என்றேன்.

"நேத்து நீ எழும்பினதைப் பார்த்தேன். கையை ஊனி, ஒரு பக்கமா சாஞ்சு, ஒட்டகம் மாதிரி. நீ ஷாஃபியா மாறிட்டியோன்னு நினைச்சேன்."

இதற்கு விளக்கம் தேவை. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் நாங்கள் ஹனஃபிகள். நெற்றியைத் தரையில் வைத்துச் செய்யும் சஜ்தாவிலிருந்து எழும்போது தரையில் கை ஊன்றாமல் எழுவது எங்கள் வழக்கம். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரர்கள் ஷாஃபிகள். கை ஊன்றி எழுவார்கள். அவர்களுக்கு அதுவே முறை. என் விஷயத்தில் மார்க்கச் சட்டம் எதுவும் மாறவில்லை. தொடைதான் மாறியிருந்தது.

நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலேயே தொழுதேன். வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"ஒண்ணு தெரிஞ்சுக்க. ஏறி உட்கார்ந்தா இறங்க முடியாது. என் நெத்தி தரையில பட்டு ரெண்டு வருஷமாச்சு."

"அப்புறம் ஏன் எனக்குப் போட்டே?"

"பேச்சுத் துணைக்குத்தான்லா."

நாற்காலியில் தொழுவதில் குற்றமில்லை. ஆனால் அந்த அனுமதி முடியாதவருக்கானது. நான் முடியாதவனா என்பது அதுவரை எனக்கு எழாத கேள்வி. பத்திரிகையில் செய்தி திருத்துபவனாக வேலை பார்த்தவன் நான். பிழைப்பு முழுக்க நாற்காலியில் நடந்தது. மிச்சமிருக்கும் நாளில் தொழுகையையும் அதில் ஏற்றிவைக்க மனம் வரவில்லை.

கெலுகோரில் இருக்கும் மகள் விஷயத்தைக் கேட்டு என்னை உடலியக்கப் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். செய்தேன். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நல்ல செய்தியாளராகியிருப்பாள்.

"முழங்கால் சரியாகத்தான் இருக்கிறது, பாக் சிக்" என்று மாமா முறை வைத்துச் சொன்னாள். "தொடையில்தான் தசை குறைந்துவிட்டது."

"தினமும் கடற்கரையோரம் நடக்கிறேனே" என்றேன்.

நடப்பது நெஞ்சுக்கு நல்லது என்றும், தசைக்குப் பாரம் வேண்டும் என்றும் சொன்னாள். ஏதாவது எடையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். சோற்றைக் குறைத்து, முட்டை, மீன், பருப்பைக் கூட்ட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை, சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் அரைச் சோறும் இரண்டு முட்டையும் மீனும் கேட்டேன். பரிமாறுபவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சக்கரையா, நானா? எப்பலேர்ந்து?"

"இல்லை. தொடைக்காக."

அவர் நம்பவில்லை. மீனைப் பெரிய துண்டாக வைத்தார். அனுதாபம்.

வீட்டில் எடைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சமையலறையில் பத்துக் கிலோ அரிசிப் பை இருந்தது. காலையில் பசியாறுவதற்கு முன், அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாப்பாட்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார ஆரம்பித்தேன். முதல் நாள் மூன்று முறைக்குமேல் முடியவில்லை. மனைவி தோசைக் கரண்டியோடு என்னைச் சுற்றிப் போய்வந்தாள்.

"ஏங்க, இதைக் கூடத்துல வெச்சுக் கட்டிக்கக் கூடாதா?"

"அரிசி இங்கதானே இருக்கு."

"அரிசி இங்கதான் இருக்கும். நான் எங்க நிக்கிறது?"

இரண்டாம் வாரம் முன்னேற்றம் தெரிந்தது. நான்காம் வாரம் மூச்சு வாங்காமல் பத்து முறை எழுந்தேன். பை மார்புக்குள் கச்சிதமாக அடங்கியது. கை வலுவாகிவிட்டதால் பிடி இறுகுகிறது என்று எடுத்துக்கொண்டேன். நண்பருக்குப் போன் போட்டேன்.

"பத்துக் கிலோ இப்ப பஞ்சு மாதிரி இருக்குப்பா."

பின்னால் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "பஞ்சு மாதிரிதான் இருக்கும்" என்றாள். "நாளைக்கு உலை வெக்கக் காணுமான்னே தெரியல."

அவள் தினமும் அந்தப் பையிலிருந்துதான் பால் டின்னால் அளந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் மகள் குடும்பம் வந்தால் கூடுதலாக எடுப்பாள். எடுத்த பிறகு பையின் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, அதே இடத்தில் வைத்துவிடுவாள். பிறர் தந்த தகவலைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதவன் என்று எனக்கு அலுவலகத்தில் பெயர். கையில் இருந்த அரிசியை நான் சரிபார்க்கவில்லை.

போனில் நண்பர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "நாற்காலி ரெடியா இருக்கு" என்றார்.

மறுநாள் கடையிலிருந்து புதுப் பை வந்தது. கட்டிப்பிடித்து எழுந்து பார்த்தேன். நான்கு முறை. ஒரு மாதம் பாடுபட்டதில் நிகர லாபம் ஒன்று.

இந்தப் பையைத் திறக்கக்கூடாது, சமையலுக்கு வேறு வாங்கிக்கொள்வோம் என்றேன். வண்டு வரும் என்றாள் மனைவி. பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வீட்டில் எப்போதும் இரண்டு பைகள். திறந்தது அவளுடையது. திறக்காதது என்னுடையது. அவளுடையது தீர்ந்ததும் என்னுடையதைத் திறந்துகொள்வாள், எனக்குப் புதிது வரும். கூடத்தில் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. தொலைக்காட்சிக்கு எதிரே இடம் கிடைத்தது. காலைச் செய்தி வாசிப்பவரைப் பார்த்தபடி அரிசியைத் தூக்கினேன். முட்டையும் மீனும் தொடர்ந்தன. பாரம் இந்த முறை குறையவில்லை. முன்னேற்றமும் அவசரப்படவில்லை.

என் முதல் பை சமையலுக்குப் போய், இரண்டாவது பை பாதிக் காலம் ஓடியபோது, ஒரு நாள் அஸரில் ஊன்றாமல் எழுந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நண்பர் ஓரத்தில் தன் நாற்காலியில் இருந்தார்.

முதல் முறை எழும்போது கைகள் தொடைமேல் இருந்தன. தரைக்குப் போகவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. கடைசியாக எழ வேண்டிய இடத்தில் தொடை நடுங்கியது. வலப்பக்கம் நின்ற மலாய்க்காரர் கை ஊன்றி எனக்கு முன்பே எழுந்துவிட்டார். கை ஊன்றாமல், வரிசையில் கடைசியாக நிமிர்ந்தவன் நான். அஸரில் இமாம் சத்தமில்லாமல் ஓதுவார். அதனால் அவர் எத்தனை வசனம் முடித்த பிறகு நான் நிமிர்ந்தேன் என்பது யாருக்கும் தெரிய வழியில்லை.

பிறகு கடைசி சஜ்தா. நெற்றி தரையில் பட்டது. கம்பளத்தைப் புதிதாகத் துவைத்திருந்தார்கள் போலிருக்கிறது, சோப்பு வாசனை வந்தது. தலை நிமிர்த்தச் சொல்லி இமாம் தக்பீர் சொல்லும்வரை அங்கேயே இருந்தேன்.